தொடாத கோப்பை

கோப்பையைத் தொடக்கூடாது, மற்றதெல்லாம் தவறிப்போனாலும் அது ஒன்றில் மட்டும் தவறக்கூடாது என்று ஃபவாஸ் தனக்குள் சொல்லிக்கொண்டான். திருமதி ஹார்ட்விக் காப்பியை அவன் முன்னால் வைத்துவிட்டாள். பக்கத்தில் பால் குவளை, சர்க்கரைக் கிண்ணம், ஒரு தட்டில் ஆப்பிள் கேக், தட்டின் ஓரத்தில் சின்ன முள்கரண்டி. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் ஜெர்மனியில் எல்லா வீடுகளிலும் காப்பியும் கேக்கும் உண்டு என்று அவனுக்குத் தெரியும். ஆனால் இங்கே வந்த ஆறு வருடத்தில் இந்த ஊர்க்காரர்கள் வீட்டு மேசை முன்னால் அவன் உட்கார்ந்ததில்லை, முதல்முறையாக உட்கார்ந்திருக்கிறான், அதுவும் யார் வீட்டில். சென்ற பிப்ரவரியில் ஒரு காலை அவன் ஓட்டிவந்த ரொட்டி வேன் மோதிச் செத்துப்போன மனிதரின் வீட்டில். அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலி எது? இதுவாக இருக்குமோ என்று தோன்றியதும் முதுகு தானாகவே சாய்மானத்திலிருந்து விலகிக்கொண்டது. பட்டை வாசம் வந்தது. அடுப்பில் சுட்ட கேக்குதான், கடையில் வாங்கியதில்லை. அவன் வருவது தெரிந்து சுட்டாளா? தெரியாதே. மணியடித்தான், கதவு திறந்தது, மனப்பாடம் செய்து வைத்திருந்த இரண்டு வாக்கியங்களைச் சொன்னான், அவள் காதில் இருந்த கருவியைத் தொட்டுத் திருகிக்கொண்டு "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றாள், சொன்னான், அவள் வெகுநேரம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டாள். அப்படியென்றால் இந்தக் கேக் அவளுக்காக அவளே சுட்டுக்கொண்டது. தனியாகத் தின்பதற்கு. ஒரு முழுக் கேக்.

அவனுடைய ஊரில், சிரியாவின் தெற்கே ஹவ்ரான் சமவெளியில், இதற்கென்று ஒரு முறை இருந்தது. ஒருவன் கையால் இன்னொரு வீட்டில் சாவு விழுந்துவிட்டால், வேண்டுமென்று செய்தாலும் வேண்டாமல் நடந்தாலும், அவனுடைய ஆட்கள் கூட்டமாக அந்த வீட்டுக்குப் போவார்கள். வீட்டுக்காரன் காப்பி ஊற்றி வைப்பான். யாரும் தொடமாட்டார்கள். கேட்க வந்ததை யாரும் உரக்கக் கேட்பதுகூட இல்லை. காப்பி ஆறிக்கொண்டிருக்கும், ஆறுவதுதான் பேச்சு. வந்தவர்கள் குடிக்காமல் எழுந்துபோனால் வைத்தவனுக்கு அது காலத்துக்கும் அவமானம் என்பதால் எப்படியும் ஒரு கட்டத்தில் அவன் வாயிலிருந்து "மன்னித்தேன்" வரும், எல்லாரும் ஒரே நேரத்தில் கோப்பைகளை எடுப்பார்கள், அந்த உறிஞ்சும் சத்தத்தோடு பகை முடிந்துவிடும். வரவில்லையென்றால் ஒரே வழிதான். கொன்றவன் பெண்டு பிள்ளைகளோடு ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். செத்தவனின் வீட்டார் நடக்கும் தெருவில் அவன் நிழல் விழக்கூடாது. அந்த வார்த்தை வருமுன்பே குடித்துவிட்டாலும் அதே கதிதான், எனக்கு மன்னிப்பு வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டதாக ஆகிவிடும். கொன்றவன். இந்த வார்த்தையைப் போலீஸ் சொல்லவில்லை. போலீஸ் சாலையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அளந்தார்கள், வெயில் எந்தக் கோணத்தில் அடித்தது என்று பார்த்தார்கள், சைக்கிள்காரர் வயல்பாதையிலிருந்து நிற்காமல் ஏறிவிட்டார் என்றார்கள், அவன் மேல் வழக்கு இல்லை என்றார்கள். நுஹா அன்று அழுதுகொண்டே சிரித்தாள். அவனுக்கோ நெஞ்சின் மேல் வைத்திருந்த கல்லை எடுத்து முதுகின் மேல் வைத்த மாதிரி இருந்தது. குற்றமில்லை என்று இவர்கள் எப்படிச் சொல்லலாம்? செத்தது இவர்கள் ஆள் இல்லையே. சொல்ல வேண்டியவள் இந்த வீட்டில் அல்லவா இருக்கிறாள்.

அதுவும் கொன்றவன் தானே நேரில் வந்து நிற்பது எங்குமே நடக்காத காரியம். செத்தவனின் வீட்டார் முகத்தில் துப்பியதற்குச் சமம். அவன் எங்காவது மறைந்திருப்பான், அவனுக்காக நரைத்தவர்கள் போய்த் தலை குனிவார்கள். ஃபவாஸுக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது, அவனே நரைத்தவன், அவனுக்காகப் போக யார் இருக்கிறார்கள்? பெரியப்பா குண்டு விழுந்த வீட்டோடு போனார். அண்ணன் ஜோர்டானில் தகரக் கொட்டகையில் மூச்சிரைத்துக்கொண்டு கிடக்கிறார். இந்த ஊரில் ஹவ்ரான்காரர்கள் என்று நாலு குடும்பம். முடிவெட்டும் கடை வைத்திருக்கும் அபூ ஹைஸமிடம்தான் முதலில் கேட்டான், அவன் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடி வழியாகவே பேசினான். "உனக்கு மூளை இருக்கா அபூ கைஸ்? தாடி வெச்ச அஞ்சு அரபிங்க கறுப்புக் கோட்டுப் போட்டுக்கிட்டு ஒண்டிக் கிழவி வீட்டு வாசல்ல போய் நின்னா என்ன ஆகும்? நாம மணியடிக்கிறதுக்கு முன்னால போலீஸ் வந்து அடிக்கும். எனக்குக் குடியுரிமைப் பரீட்சை வருது, என்னை விட்ரு சாமி." பள்ளிவாசல் இமாம் மொரோக்கோக்காரர், மென்மையானவர், மார்க்கத்தில் இதற்கு இரண்டு மாதம் விடாமல் நோன்பு என்றார், அதை வைத்து முடித்தான், உடம்பு இளைத்தது, வேறொன்றும் ஆகவில்லை. கடைசியில் ரொட்டிக்கூடத்தில் அடுப்பு பார்க்கும் தவராசாவிடம் சொன்னான். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஜெர்மன் மொழியை அவரவர் ஊர் வாடையோடு பேசிக்கொள்வார்கள். அபூ என்பதைப் பெயரென்றே நினைத்திருந்தார் மனிதர், அபூ என்றால் தகப்பன், அபூ கைஸ் என்றால் என் மகன் கைஸின் தகப்பன் என்று இவன் விளக்கியபோது "அப்ப நல்லதாப் போச்சு, எனக்கும் நீதான் தகப்பன், பாணை வேளைக்கு வேனில ஏத்து" என்று சிரித்தவர். காப்பி விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. "உனக்கென்ன விசரே அபூ? பொலிசே விட்டிட்டான். அந்த மனுசி பாவம், தன்ர பாட்டில இருக்குது. நீ போய் முன்னால இருந்து குடிக்கமாட்டன் எண்டால் அதுக்கு என்ன விளங்கும்? வயித்தில ஏதோ வருத்தம் எண்டு நினைக்கும்." நீங்களாவது கூட வாருங்கள், என் பக்கத்து ஆளாக, என்று இவன் கேட்டான். அவர் கையில் ஒட்டிய மாவைச் சுரண்டினார். "வரலாம். போட என்னட்டை நல்ல சேட்டு ஒண்டும் கிடக்கு. ஆனா ரெண்டு கறுத்த தலையளை வாசலில கண்டா அவ கதவு திறக்கமாட்டா அபூ. நீ தனியவே போ. போறதெண்டால்."

தனியாகத்தான் வந்திருக்கிறான். பேருந்தில் வந்தான், அன்றிலிருந்து அவன் வண்டி ஓட்டுவதில்லை, முதலாளி அவனைத் தட்டுகள் கழுவும் இடத்துக்கு மாற்றிவிட்டார். புறப்படும்போது நுஹா அவன் கோட்டின் தோளில் இல்லாத தூசியைத் தட்டினாள். "அந்தம்மா வாயால ஒரு வார்த்தை வாங்கிட்டு வாங்க, எப்படியாவது வாங்கிட்டு வாங்க. நான் இன்னொரு தடவை மூட்டை கட்டமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்." அவளிடம் அந்த வழக்கத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை, அவளும் ஹவ்ரான்காரி. மன்னிப்பு இல்லையென்றால் ஊரில் இருக்கக்கூடாது. எந்த ஊரில்? அந்த ஊர் எங்கே இருக்கிறது? ஏற்கனவே ஊரைவிட்டு வந்தவனை எந்த ஊரைவிட்டுப் போகச் சொல்வார்கள்? இது அவனைச் சிரிக்க வைத்த நாட்களும் உண்டு. பிறகு யோசிப்பான், வழக்கம் என்பது மண்ணில் இருக்கிறதா ஆளிடம் இருக்கிறதா, எல்லையில் சோதனை போட்டவர்கள் பையைத்தான் சோதித்தார்கள். நுஹாவுக்கு இந்த ஊரில் பிள்ளைகள் காப்பகத்துச் சமையலறையில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பால்கனித் தொட்டியில் மொளுகியா கீரை விதைத்து இரண்டாம் வருடம்தான் அது பிடித்தது. ஜோர்டானிலிருந்து துருக்கி, துருக்கியிலிருந்து கடல், கடலுக்குப் பிறகு மூன்று முகாம். ஒவ்வொரு இடத்திலும் கடைசியாக வெளியே வருபவள் அவள், தரையைக் கூட்டிவிட்டுத்தான் வருவாள். இனி கூட்டமாட்டேன் என்கிறாள். ஒரு வார்த்தைதான் வேண்டும், அது இந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் கிழவியின் வாயில் இருக்கிறது, காப்பியிலிருந்து ஆவி போவது குறைந்துகொண்டே வருகிறது, அவள் பால் குவளையை அவன் பக்கம் தள்ளினாள், அவன் தலையசைத்தான், அவள் அதைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மஞ்சள் முதலிலா, சத்தம் முதலிலா. இங்கேயும் வந்துவிட்டது. எங்கே உட்கார்ந்தாலும் கொஞ்சநேரத்தில் வந்துவிடும். சாலை நேராக இருந்தது, இருபக்கமும் உறைபனி படிந்த வயல், கண்ணாடியில் பனியைச் சுரண்டிவிட்டுத்தான் கிளம்பினான், சுரண்டினான், நன்றாகவே சுரண்டினான், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் விட்டிருக்கலாம். வேனுக்குள் ரொட்டிச் சூடு. சூரியன் சரியாக ரோட்டின் முடிவில் உட்கார்ந்திருந்தது. கைபேசி சட்டைப் பையில்தான் இருந்தது, அதைத் தொடவில்லை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மனம் எங்கே இருந்தது? அண்ணனின் இருமலை நினைத்துக்கொண்டிருந்தானா? சைக்கிள்காரரின் தலைக்கவசம் மஞ்சள். அந்த மஞ்சளை அவன் பார்த்தான், அது நிச்சயம், கண்ணை மூடினால் இருக்கிறது, வெயிலுக்குள் வெயிலைவிடக் கெட்டியாக ஒரு மஞ்சள். அதைச் சத்தத்துக்கு முன்னால் பார்த்தானா, பிறகு பார்த்ததை மனம் எடுத்து முன்னால் வைத்துவிட்டதா? முன்னால் பார்த்திருந்தால் கால் எங்கே போயிற்று, ஏன் அமுக்கவில்லை? போலீஸ் கேட்டபோது "வெயில், பார்க்கவில்லை" என்றான், அது பொய்யில்லை, அப்போது அப்படித்தான் தெரிந்தது. அடுத்த வாரம்தான் மஞ்சள் முன்னால் வந்தது. அதற்கடுத்த வாரம் பின்னால் போயிற்று. இப்போது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி. தனக்குத் தானே சாட்சியாக இருக்க முடியாதவன் யாரிடம் போய் என்ன கேட்பது? எதற்காக மன்னிக்கச் சொல்கிறாய் என்று இவள் கேட்டால்? மோதியதற்கா, பார்த்ததற்கா, பார்க்காததற்கா? எதற்கென்று தெரியாமலே ஒரு மன்னிப்பை வாங்கி அதைக் கொண்டுபோய் எந்த ஓட்டையில் அடைப்பது.

"அவர் தனியாக இருந்தாரா?" என்று அவள் கேட்டாள். முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று நினைத்து அவள் வார்த்தைகளைத் தனித்தனியாக எடுத்து வைத்தாள். "லோதார். அந்த நேரத்தில். தனியாகவா." அவன் "இல்லை, நான் இருந்தேன்" என்றான். "பக்கத்திலா?" "தரையில். அவர் தலை இங்கே" என்று தன் தொடையைத் தொட்டுக் காட்டினான், காட்டிய பிறகு கை அங்கேயே நின்றுவிட்டது. நீச்சல் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர், சைக்கிளின் பின்னால் சுருட்டிக் கட்டியிருந்த துண்டு ரோட்டில் விழுந்து விரிந்து கிடந்தது, அதை எடுத்துத்தான் அவர் தலைக்கு அடியில் மடித்து வைத்தான். அதையும் சொன்னான். "பச்சைத் துண்டு" என்றாள் அவள். "எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார்கள். செருப்பைக்கூட. துண்டு மட்டும் வரவில்லை. யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன்." காதுக் கருவி மெல்ல விசிலடித்தது, அவள் அதை அமுக்கினாள். "அவர் ஏதாவது சொன்னாரா?" "இல்லை. கண் திறந்திருந்தது. பேசவில்லை." "நீங்கள் பேசினீர்களா?" சாகிறவர்களின் காதில் சொல்வதை அன்று அவன் சொல்லியிருந்தான். அப்பாவின் காதில் சொன்னதை, முகாம் ஆஸ்பத்திரியில் பெயர் தெரியாத ஒருவனின் காதில் சொன்னதை, இறைவன் ஒருவன் என்ற அந்தச் சில வார்த்தைகளை, குனிந்து, மூன்று முறை. யோசித்துச் செய்ததில்லை, தாகத்துக்குத் தண்ணீர் நீட்டுவது மாதிரி வாய் தானாக நீட்டிவிட்டது. பிறகுதான் அது கனத்தது. ஒரு மனிதனின் உயிரை எடுத்ததும் அல்லாமல் அவன் கேட்காத கடவுளையும் அவன் காதில் போட்டுவிட்டேனே என்று எத்தனையோ நாள் தட்டுகளைக் கழுவிக்கொண்டே நினைத்திருக்கிறான். "பிரார்த்தனை" என்றான் கடைசியில். "எந்த மொழியில்?" "அரபு." அவள் உதடு ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது, அழப்போகிறாள் என்று பயந்தான், ஆனால் அது சிரிப்பு, சரியாக வராத ஒரு சிரிப்பு. "எங்கள் கல்யாணத்துக்கே சர்ச்சுக்கு வரமாட்டேன் என்றவர் அவர். பாதிரியார் தெருவில் வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். கடைசியில் அரபியில்." சிரிப்பு அங்கேயே அறுந்தது. "அவருக்கு அது பிடித்திருக்காது" என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். "ஆனால் ஒரு குரல் கேட்டிருக்கும். இல்லையா? கேட்டிருக்கும்." அவன் கேட்டிருக்கும் என்றான். அவர் காது கேட்டதா என்று அவனுக்கு எப்படித் தெரியும்.

இப்போது சொல்வாள் என்று தோன்றியது. இந்த மாதிரி ஒரு இடத்தில்தான் சொல்வார்கள். நெஞ்சு இளகும் இடம் ஒன்று வரும், கூட்டத்தில் மூத்தவர் அதற்காகவே காத்திருப்பார், அந்த இடத்தில் தொண்டையைச் செருமுவார். அவன் செருமவில்லை. அவள் அவனுடைய கோப்பையைப் பார்த்தாள். "பிடிக்கவில்லையா?" "பிடிக்கும்." "ஆறிவிட்டது. தேநீர் வேண்டுமா? உங்கள் மக்கள் தேநீர்தான் குடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்." வேண்டாம் என்று தலையசைத்தான், கன்னம் சூடாயிற்று, தவராசா சொன்னது இதைத்தான், வயிற்றில் ஏதோ வருத்தம். சொல்லிவிட வேண்டியதுதான். ஊரில் யாரும் யாருக்கும் விளக்கவேண்டியிராத ஒன்றை, கையில் இருக்கும் சில்லறை வார்த்தைகளை வைத்துக்கொண்டு விளக்கினான். எங்கள் இடத்தில் ஒருவர் இறந்தால். காப்பி வைப்பார்கள். குடிக்கமாட்டோம். வீட்டுக்காரர் மன்னிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு குடிப்போம். சொல்லச் சொல்ல அது சின்னதாகி, கூனிப்போய், குழந்தைகள் விளையாட்டு மாதிரி ஆவது தெரிந்தது. அவள் தலையை ஒருபக்கம் சாய்த்து, கருவி இருந்த காதை அவன் பக்கம் காட்டிக் கடைசிவரை கேட்டாள். "அப்படியென்றால் நான் சொல்லாதவரை நீங்கள் குடிக்கமாட்டீர்கள்." "மாட்டேன்." "எவ்வளவு நேரம்?" அவள் மேசைவிரிப்பின் ஓரத்தை விரலால் நீவிவிட்டாள், நீவியதையே மறுபடியும் நீவினாள். "நான் உங்களை முன்பே பார்த்திருக்கிறேன்" என்றாள். "பாலத்துக்குப் பக்கத்துக் கடையில். கோடையில். மனைவியோடு வந்திருந்தீர்கள், தர்ப்பூசணியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் படத்தை என் மகன் எங்கேயோ கண்டுபிடித்துக் காட்டியிருந்தான், அதனால் தெரிந்தது. கூடையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் அந்தக் கடைக்குப் போவதில்லை. இப்போது ஆற்றுக்கு அந்தப்புறம் போகிறேன். பேருந்தில்." தர்ப்பூசணி. ஆம், நுஹாதான் தட்டினாள், இது பழுத்திருக்கிறது பாருங்கள் என்று காதருகில் வைத்துக்காட்டினாள், அவன் சிரித்தான், அன்று சிரித்தான். நிழல் விழக்கூடாது என்றார்கள். விழுந்திருக்கிறது. அவனுக்குத் தெரியாமலே இத்தனை மாதமும் இந்தக் கிழவியின் வழியெல்லாம் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது.

"என்னால் முடியாது" என்றாள் அவள். "உங்கள் மேல் கோபம் இல்லை. போலீஸ் சொன்னதை நம்புகிறேன். ஆனால் காலையில் எழுந்தால் அவர் பக்கம் படுக்கை மடிப்புக் கலையாமல் இருக்கிறது, அப்போது உங்கள் முகம்தான் வருகிறது. அந்த முகத்தை மன்னிக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?" குரல் உயரவில்லை. ஒரு கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டாள். "வேண்டுமானால் பொய்யாகச் சொல்கிறேன். நீங்கள் நல்ல மனிதர் என்று தெரிகிறது. வாயால் சொல்லிவிட எனக்கு ஒன்றும் ஆகாது. பொய்யாகச் சொன்னால் அது செல்லுமா?" செல்லும். அதுதான் உண்மை, செல்லும். வழக்கம் வாயைத்தான் கேட்கிறது, நெஞ்சைக் கேட்பதில்லை. ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் சொல்லிவிடுவாள், அவன் குடித்துவிடுவான், நுஹா மூட்டை கட்ட வேண்டாம், கீரைத்தொட்டி அங்கேயே இருக்கும். ஊரிலும் அப்படித்தானே நடந்திருக்கும்? மாமாவின் டிராக்டர் பின்னோக்கி வந்தபோது நசுங்கிய அந்தப் பெண்குழந்தை. ராணுவத்திலிருந்து விடுப்பில் வந்திருந்த இருபத்திரண்டு வயது ஃபவாஸ் அன்று கூட்டத்தோடு போயிருந்தான், முப்பது நாற்பது பேர், கருங்கல் சுவர் வைத்த நீண்ட விருந்தாளிக் கூடம், குழந்தையின் தகப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், எல்லாருக்கும் காப்பி வந்தது. காப்பி வருவதற்கு முன் சுவருக்கு அந்தப் பக்கம் உரலில் இடிக்கும் சத்தம் கேட்டது. பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, இறைவனைப் புகழ்ந்தபோது, மழையைப் பற்றிப் பேசியபோது, நின்று நின்று அந்த இடி கேட்டுக்கொண்டே இருந்தது. நல்ல வாசமாக இருக்கிறது என்றுகூட ஒருவர் சொன்னார். யார் இடித்தது? குழந்தையின் தாய். வேறு யார், அந்த வீட்டில் வேறு பெண் இல்லை. பிள்ளையைக் கொன்றவனின் ஆட்களுக்கு அவள் கொட்டை வறுத்து இடித்துக் காய்ச்சி அனுப்பினாள், அவள் முன்னால் யாரும் கோப்பையைத் தொடாமல் உட்காரவில்லை, அவளை யாரும் கேட்கவில்லை. தகப்பன் மன்னித்தேன் என்றதும் எல்லாரும் குடித்தார்கள். ஃபவாஸும் குடித்தான். ருசியாக இருந்தது. எவ்வளவு பெருந்தன்மை என்று திரும்பி வரும்போது பேசிக்கொண்டார்கள். அது பெருந்தன்மையா? முப்பது நாற்பது ஆண்கள் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்துபோக மறுத்தால் ஒரு மனிதன் வேறு என்ன சொல்வான்? இங்கே முப்பது பேர் இல்லை, ஒருவன்தான். ஆனால் அந்தப் பக்கமும் ஒருத்திதான். சுவர் இல்லை. இடித்தவளும் அவளே, சொல்ல வேண்டியவளும் அவளே. அவள் வீட்டுக்குள் வந்து, அவள் கோப்பையை அவள் கண் முன்னால் ஆறவைத்து, நீ தராதவரை நான் எழமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு வேறு இடத்தில் வேறு பெயர் உண்டு. துருக்கியில் படகுக்காரன் செய்தான், சோதனைச் சாவடியில் சிப்பாய் செய்தான், அவர்களும் சத்தம் போடவில்லை, காசு கைக்கு வரும்வரை காத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"செல்லாது" என்று ஃபவாஸ் சொன்னான். சொன்ன கையோடு கோப்பையை எடுத்தான். நீலப்பூக்கள் போட்ட மெல்லிய கோப்பை, பிடி அவன் விரலுக்குச் சிறியது, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. காப்பி முழுக்க ஆறிவிட்டிருந்தது. ஏலக்காய் இல்லை, மண்டி இல்லை, மெல்லிய கசப்பு மட்டும் நாக்கின் பின்பக்கம் ஒட்டியது. ஒரே மூச்சில் குடித்தால் முடிந்துவிடும் என்று நினைத்தான், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடிக்க முடிந்தது, ஒவ்வொரு மிடறும் கீழே இறங்கும் சத்தம் அவனுக்கே கேட்டது, அவளுக்கும் கேட்டிருக்கும். கேட்டது கிடைக்காமலே குடித்துவிட்டான், இனி இதைக் கேட்க அவனுக்கு உரிமையில்லை, இந்த வாசலில் மறுபடி நிற்க முடியாது. அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்திருந்தது, அவனே அல்லவா விளக்கினான். கோப்பையை ஓசைப்படாமல் தட்டில் வைத்தான். "நாங்கள் போய்விடுகிறோம்" என்றான். "இந்த ஊரிலிருந்து. வேறு ஊருக்கு. நீங்கள் பாலத்துப் பக்கத்துக் கடைக்கே போகலாம்." வார்த்தைகள் வெளியே வந்த பிறகுதான் நுஹாவின் முகம் வந்தது, கோட்டுத் தோளைத் தட்டிய கை வந்தது, அவளைக் கேட்காமல், அவளையும் சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, அவளுடைய வீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டேனே என்று உறைத்தது. ஆனால் இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது. அதெல்லாம் தேவையில்லை என்று இவள் சொல்லக்கூடும். மரியாதைக்காகவாவது சொல்வார்கள். மரியாதை தெரிந்தவள், தெரியாத ஆளுக்குக் கதவு திறந்தவள், கேக் வைத்தவள். எதற்காகப் போகிறீர்கள், பிள்ளை இருக்கிறான், வேலை இருக்கிறது என்று ஒரு வாக்கியம், யாரும் யாருக்கும் சொல்லும் வாக்கியம். அதற்காக அவன் காத்திருந்தான், காத்திருக்கிறோம் என்று தெரிந்தே காத்திருந்தான். அவள் தோள்கள் இறங்கின, வெகுநாளாகத் தூக்கிவைத்திருந்த எதையோ கீழே வைத்தவளைப்போல நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு அவன் கண்களை நேராகப் பார்த்து, "நன்றி" என்றாள். நன்றிக்கு இந்த மொழியில் ஒரு பதில் உண்டு, சந்தோஷமாகச் செய்தேன் என்று அதற்குப் பொருள், வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள், கடையிலும் பேருந்திலும் யோசிக்காமலே வாயில் வருவது. இப்போதும் அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் பல்லைக் கடித்து அதைக் கசப்போடு சேர்த்து விழுங்கிக்கொண்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான்.